சொல்லிவிட்டுப் போட்ட வழக்கு

எங்கள் ஊரில் கோர்ட்டுக்குப் போவதற்கென்றே தனியாக ஒரு புடவை வைத்திருந்தவர் அந்த அத்தை ஒருவர்தான். சாம்பல் நிறம், கறுப்புக் கரை. அது கொடியில் காய்ந்தால், நாளைக்கு நாகர்கோவில் கோர்ட்டில் யாருக்கோ கிரகம் சரியில்லை என்று ஊர் பேசிக்கொள்ளும். கோவிலுக்குப் போகக்கூட அத்தனை சிரத்தையாக அவர் உடுத்திப் பார்த்ததில்லை. மடிப்பு கலையாமல் கட்டி, கையில் குடையும் வெற்றிலைச் செல்லமும் எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடப்பார். எதிரே வருகிற ஆட்கள் என்னவோ மறந்துவிட்ட மாதிரி திரும்பிப் போய்விடுவார்கள்.

அவர் எங்களுக்கு ரத்த சொந்தமில்லை, பக்கத்து வீடு. அம்மா அவரை மைனி, அதாவது அண்ணி, என்று கூப்பிட்டதால் எனக்கு அத்தை ஆனார். கணவர் இறந்ததும், குடும்பச் சொத்தில் பாகம் கேட்டுத் தன் சொந்த அண்ணன்மார் மேலேயே வழக்குப் போட்டு ஜெயித்தவர். நாஞ்சில் நாட்டில் பாகப்பிரிவினை வழக்கு ஒன்றும் அதிசயமில்லை. வழக்கு முடிந்தால் மற்றவர்கள் அப்பாடா என்று உட்காருவார்கள். இவருக்கோ கோர்ட்டு வராந்தாவின் ருசி நாக்கில் ஒட்டிக்கொண்டது. வாய்க்கால் தண்ணீருக்கு ஒரு வழக்கு, பொதுப் பாதைக்கு ஒரு வழக்கு, விழுந்த தென்னைக்கு ஒரு வழக்கு. வழக்கை எங்கள் ஊரில் வியாச்சியம் என்பார்கள். ஆகவே இவர் வியாச்சியத்து அத்தை. இயற்பெயர் எனக்குத் தெரியும். அதைச் சொன்னால் எங்கள் ஊரிலேயே பாதிப் பேருக்கு யாரென்று தெரியாது.

குழந்தைகளைக் கொஞ்சத் தெரியாதவர். பண்டம் தந்ததில்லை, கதை சொன்னதில்லை. நான் அவர் முற்றத்தில் போய் நின்றால், "என்ன சோலி?" என்பார். சோலி இல்லை என்றால், "அப்ப ஏன் நிக்க? போயி படி" என்பார். எங்களுக்குள் அதிகம் நடந்த உரையாடல் இதுதான்.

எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் ஒரு வேலி. அது யார் மண்ணில் நிற்கிறது என்று அம்மா மேல் அவர் போட்ட ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. அது கோர்ட்டில் ஆமையாய் நகர, வேலியோரத்தில் தினமும் விசாரணை நடக்கும்.

"ஏட்டி, ஒனக்க ஆடு எனக்க கீரையத் தின்னுட்டுப் போவுது. நீ கண்ண மூடிக்கிட்டா இருக்க?"

"வாயில்லாச் சீவனுக்கு ஒங்க கீரை, எங்க கீரைன்னு தெரியுமா மைனி?"

"அதுக்குத் தெரியாது. வளக்கவளுக்குத் தெரியணும்லா!"

அம்மாவும் லேசுப்பட்டவள் இல்லை. அடுப்பில் கறியை இறக்கி வைத்துவிட்டு வந்து சண்டை போடுவாள். அத்தை குரலுக்கு அம்மா குரல் ஒரு படி மேலேதான் நிற்கும்.

அப்போது திருவிதாங்கூரும் கொச்சியும் சேர்ந்து ஒரே ராஜ்யமாக இருந்தது. தமிழ்ப் பகுதிகளை மதராஸோடு சேர்க்க வேண்டும் என்று ஊரெல்லாம் கூட்டம் நடந்தது. அத்தையிடம் அபிப்பிராயம் கேட்டால், "எந்த ராஜ்யமா இருந்தா என்ன? கோர்ட்டு நாகர்கோவில்லதானே இருக்கும்?" என்பார்.

அந்த நாளில் ஒரு சட்டம் ஊரில் நிறைய வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டது. பதினைந்து வயது நிறையாத பெண்ணுக்குக் கல்யாணம் செய்யக்கூடாது. செய்தால் மாப்பிள்ளைக்கும் நடத்தி வைத்த பெரியவர்களுக்கும் தண்டனை. ஆனால் போலீஸ் தானாக வந்து தடுக்காது. யாராவது ஒருவர் கோர்ட்டில் போய்ப் பிராது கொடுக்க வேண்டும். சொந்தமாக இருக்க வேண்டும் என்பதில்லை, வழியோடு போகிறவராக இருந்தாலும் சரி. சட்டத்தை எழுதிப் பொதுவில் வைத்துவிட்டு, துணிந்தவர்கள் எடுத்து நடத்துங்கள் என்று சர்க்கார் ஒதுங்கிக்கொண்டது. யார் துணிவார்கள்? நாலு தலைமுறைப் பகையை யார் விலைக்கு வாங்குவார்கள்? அத்தைக்கு ஏற்கெனவே ஊர் முழுக்கப் பகை. புதிதாக வாங்க ஒன்றும் இல்லை.

எனக்குத் தெரிந்து எனக்கு முன்னால் இரண்டு கல்யாணங்களை அவர் நிறுத்தினார். பிராது கொடுப்பதற்கு முந்தின நாள் நேரே பெண் வீட்டுக்குப் போவார். பந்தலுக்கு மூங்கில் இறங்கிக்கொண்டிருக்கும். நடு வாசலில் நின்று, "நாளைக்குக் கோர்ட்டுக்குப் போறேன். பிள்ளைக்கு வயசு காணாது. கல்யாணத்த நிறுத்தினா நானும் நிறுத்திருவேன்" என்பார். அவர்கள் ஏசுவார்கள். ஒரு வீட்டில் சாணித் தண்ணீரை எடுத்து ஊற்றினார்கள். வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு மறுநாள் காலை சாம்பல் புடவையைக் கட்டிக்கொண்டு போனார்.

"ஏன் மைனி முன்கூட்டிச் சொல்லிட்டுப் போறீய? அவனுவ உஷாராயிருவானுவல்லா?" என்று யாரோ கேட்டதற்கு அவர் சொன்ன பதில் எங்கள் ஊரில் பிரசித்தம். "சொல்லிட்டுப் போட்டாத்தான் வியாச்சியம். சொல்லாமப் போட்டா அது கோளு."

ஊர் சும்மா இருக்கவில்லை. வண்ணார் வெளுக்க மறுத்தார். விசேஷ வீடுகளில் அவருக்கு இலை போடுவது நின்றது. வீட்டுக் காரியத்துக்குள் மூன்றாவது ஆள் மூக்கை நுழைக்கலாமா என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். அத்தையைப் பார்த்துக் கற்றுக்கொண்ட ஒரு ஆள், கொடுக்கல் வாங்கல் தகராறில், பதினெட்டு வயதுப் பெண்ணின் கல்யாணத்துக்குப் பிராது கொடுத்து முகூர்த்தத்தைக் கெடுத்தான். அந்தப் பெண் அழுத அழுகை இப்போதும் என் காதில் இருக்கிறது. யார் கையிலும் கிடைக்கிற அரிவாள் அது. கதிரும் அறுக்கும், கழுத்தும் அறுக்கும். அந்த வழக்கில் அத்தை பெண் வீட்டுப் பக்கம் போய்ச் சாட்சி சொன்னார். அந்த வீட்டார் முன்பு அவருக்கு இலை போட மறுத்தவர்கள். சாட்சி சொன்ன பிறகும் போடவில்லை.

இந்தச் சட்டத்தை மட்டும் ஏன் இப்படிக் கட்டிக்கொண்டு அழுகிறீர்கள் என்று என் அம்மாவே ஒருமுறை வேலிக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டாள். அத்தை வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னார். "எனக்கு நடந்த கல்யாணத்துக்கு நான் சாட்சி சொல்ல முடியாதுட்டி. நான் உறங்கிட்டுல்லா கெடந்தேன். மடியில தூக்கி வச்சுத் தாலியக் கெட்டினாவ. முழிச்சுப் பாத்தா கழுத்துல என்னமோ உறுத்துது."

அம்மா அன்றைக்கு அத்தோடு உள்ளே வந்துவிட்டாள்.

என் முறை வந்தபோது எனக்குப் பன்னிரண்டு நடந்துகொண்டிருந்தது. அப்பா இறந்து நாளாகியிருந்தது. எங்கள் வயலையும் வீட்டையும் தாய்மாமன்தான் பார்த்துக்கொண்டார். மாமா கெட்டவர் இல்லை. காய்ச்சல் என்றால் என்னைத் தோளில் போட்டுக்கொண்டு வைத்தியரிடம் ஓடியவர். ஆனால் எங்கள் வயல் வேறு குடும்பத்துக்குப் போய்விடுமோ என்று அவருக்கு ஒரு பயம். அதற்காகத் தன் மனைவியின் தம்பிக்கு என்னைப் பேசி முடித்தார். மாப்பிள்ளைக்கு முப்பது தாண்டியிருந்தது. முதல் மனைவி இறந்துவிட்டாள். நல்ல மனுஷன், குடிக்க மாட்டான், பீடி பிடிக்க மாட்டான் என்று சொன்னார்கள். நான் பள்ளிக்கூடத்தில் பின்னக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். இனி வர வேண்டாம் என்று சொல்லிப் பையை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். எனக்கு அழுகையே வரவில்லை.

ஒருநாள் சாயங்காலம் அத்தை எங்கள் வாசலில் வந்து நின்றார். மாமா உள்ளே இருந்தார்.

"நாளைக்குக் கோர்ட்டுக்குப் போறேன்" என்றார் அத்தை.

அம்மா பாய்ந்து வந்தாள். அவளை அப்படி நான் பார்த்ததே இல்லை. கையில் விளக்குமாறு. "வேலிக்கேசுல தோத்துருவோம்னு பயந்து எம் பிள்ள வாழ்க்கையில கைய வைக்கியா? நீ வெளங்குவியா? ஒனக்குப் பிள்ள இல்லாமப் போனது சும்மாவாட்டி?" என்று மூத்தவர் என்ற மரியாதையை எல்லாம் விட்டுக் கத்தினாள். அத்தை முகம் கொஞ்சம்போலச் சுருங்கியது. அப்படியே திரும்பிப் போனார். மாமாவே, "விடு, விடு" என்று அம்மாவைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு வந்தார்.

கோர்ட்டு மாமாவுக்கு நோட்டீஸ் அனுப்பியது, இன்ன நாளில் வந்து காரணம் சொல் என்று. மாமா போகவில்லை. அவருக்கு வேறு யோசனை இருந்தது. ஆரல்வாய்மொழியில் எல்லைச் சோதனைச் சாவடி, எங்கள் பேச்சில் சவுக்கை, அதைத் தாண்டினால் மதராஸ் ராஜ்யம். நம் கோர்ட்டு உத்தரவு அந்தப் பக்கம் செல்லாது. காவல்கிணற்றில் மாப்பிள்ளைக்குச் சொந்தக்காரர் வீடு இருந்தது. கோர்ட்டு குறித்த அதே நாள் காலையில் என்னையும் அம்மாவையும் வில்வண்டியில் ஏற்றினார். பின்னால் ஒரு பார வண்டியில் பாத்திரம், தேங்காய், வாழைக்குலை. மறுநாள் விடியலில் தாலி.

அந்த யோசனை பலித்திருக்கும். மாமா அரிசியையும் ஏற்றியதுதான் வினை.

அந்தக் காலத்தில் ராஜ்யம் விட்டு ராஜ்யம் அரிசி கொண்டுபோகக் கூடாது. கட்டுப்பாடு பலமாக இருந்தது. மாமாவுக்கும் அது தெரியாமல் இல்லை. ஆனால் நாஞ்சில் நாட்டுக்காரன் வீட்டுக் கல்யாணப் பந்தியில் கடை அரிசிச் சோறு விழலாமா? "நம்ம வயல் நெல்லு இல்லாம கல்யாணமா? நாளைக்கு ஒருத்தன் நாக்கப் பிடுங்குத மாதிரி கேட்டுர மாட்டான்?" என்று வாழைக்குலைகளுக்கு அடியில் இரண்டு மூட்டையைப் படுக்க வைத்தார். சவுக்கையில் இருந்த ஆள் கம்பியால் ஒரு குத்துக் குத்தினார். அரிசி பொலபொலவென்று கொட்டியது. வண்டியை ஓரங்கட்டச் சொன்னார்கள்.

மாமா கெஞ்சினார், அதட்டினார், மறுபடியும் கெஞ்சினார். பெரிய அதிகாரி வரவேண்டும் என்றார்கள். அரிசியை விட்டுவிட்டுப் போய்விடலாம் என்று அம்மா சொல்லவில்லை. மாமாவுக்கும் தோன்றவில்லை. வில்வண்டிக்குள் நான் உட்கார்ந்திருந்தேன். தடுப்புக் கழி கையெட்டும் தூரத்தில் கிடந்தது. அந்தப் பக்கமும் இதே காற்று, இதே மலை. அங்கே போனால் நான் ஒருவனுக்குப் பெண்டாட்டி. இங்கே இருந்தால் பின்னக் கணக்கு. எனக்கு அன்றைக்குப் புரிந்தது அவ்வளவுதான்.

வெயில் சாய்கிற நேரத்தில் நாகர்கோவில் பஸ் வந்து நின்றது. அதிலிருந்து முதலில் ஒரு குடை இறங்கியது. பின்னால் சாம்பல் புடவை. அதற்கும் பின்னால் கோர்ட்டுச் சிப்பந்தி. கோர்ட்டு கூப்பிட்டபோது மாமா ஆஜராகாததால் கல்யாணத்துக்குத் தடை எழுதிக் கொடுத்துவிட்டது. எங்கள் வீடு பூட்டிக் கிடந்ததைப் பார்த்து, எல்லை தாண்டத்தான் போயிருப்பார்கள் என்று கணக்குப் போட்டு, அத்தை சிப்பந்தியையும் இழுத்துக்கொண்டு நேரே சவுக்கைக்கு வந்திருக்கிறார்.

மாமா உத்தரவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். "அரிசியக் காட்டிக் குடுத்ததும் நீதானே?" என்றார்.

அத்தைக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நான் கோளு சொல்லுவேனா? ஒம் மொகத்தப் பாத்துச் சொல்லிட்டுத்தானவே கோர்ட்டுக்குப் போனேன்?"

பிறகு நடந்ததை இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வரும். அவர் சவுக்கைக்காரர் பக்கம் திரும்பினார். மாமாவின் வண்டி இன்னும் எல்லையைத் தாண்டவில்லையே, தாண்டாத அரிசியை எப்படிப் பிடிக்கலாம், சொந்த வயல் அரிசி சொந்த ஊருக்குத் திரும்பிப் போவதை எந்தச் சட்டம் தடுக்கிறது என்று ஆரம்பித்தார். அது சரியான வாதமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. சவுக்கைக்காரருக்குக் காது புளித்துவிட்டது. "கொண்டு போங்க தாயே" என்று கும்பிட்டார். தன்னைக் கோர்ட்டுக்கு இழுத்த எதிராளி வாதாடி மீட்டுக் கொடுத்த அரிசியோடு மாமா ஊர் திரும்பினார். நானும் திரும்பினேன்.

மாமா அத்தோடு விடவில்லை. தடையை நீக்கச் சொல்லிக் கோர்ட்டுக்குப் போனார். பக்கத்து வீட்டுப் பகையால் போட்ட வழக்கு என்பது அவர் கட்சி. அம்மாவையும் என்னையும் கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்தார். அத்தை கூண்டில் ஏறினார்.

"இந்தப் பெண்ணின் தாயாருக்கும் உங்களுக்கும் விரோதம் உண்டா?" என்று மாமாவின் வக்கீல் கேட்டார்.

"உண்டு" என்றார் அத்தை.

"என்ன விரோதம்?"

கேட்டிருக்கக் கூடாது. ஆட்டில் தொடங்கினார் அத்தை. கீரை, வேலி, ஓடைத் தண்ணீர், குப்பை, அம்மாவின் நாக்கு, அம்மாவின் நடை, விளக்குமாறு, அன்றைக்குச் சொன்ன பிள்ளையில்லாப் பேச்சு. மலையாளமும் தமிழுமாகக் கலந்து கொட்டினார். வக்கீல் நிறுத்தப் பார்த்தார், முடியவில்லை. மாஜிஸ்ட்ரேட் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். சபையில் சிரிப்பு. அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினாள். எனக்கு மானம் போயிற்று.

கடைசியில் மாஜிஸ்ட்ரேட், பிராது கொடுத்தவருக்கு விரோதம் இருப்பது நன்றாகத் தெரிகிறது, ஆனால் அதனால் பெண்ணுக்கு வயது கூடிவிடாது என்று சொல்லி முடித்தார். தடை நின்றது. மாப்பிள்ளை வேறு இடத்தில் கல்யாணம் செய்துகொண்டார். நான் பள்ளிக்கூடம் போனேன். கோர்ட்டுப் படி ஏறிய பெண் என்று பெயர் வந்தது. அந்தப் பெயரோடு படித்தேன்.

வேலிச் சண்டை முன்னைவிட உக்கிரமாக நடந்தது. மாமா வருகிற நேரத்தில் இரண்டு பேருக்கும் தொண்டை இன்னும் திறக்கும்.

நான் பள்ளி இறுதி வகுப்பில் இருந்தபோது மாமா நெஞ்சுவலியில் இறந்துபோனார். காரியங்கள் முடிந்து உறவினர்கள் போனபின், ஒருநாள் மத்தியானம் அம்மா என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொன்னாள்.

"மைனிகிட்ட கேஸு போடச் சொன்னது நான்தான் மக்கா."

"நீயா? அப்ப நீயே போட்டிருக்கலாம்லா?" என்றேன்.

"கூடப் பொறந்தவன் மேல நான் போட முடியுமா? சோறு போடுகவன். தெரிஞ்சா நம்மள நடுத்தெருவுல விட்டுருவான். யாரு வேணும்னாலும் போடலாம்னு சட்டம் இருக்கே, யாரப் போடச் சொல்ல? சேக்காளி போட்டா நான் சொல்லித்தான்னு கண்டுபிடிச்சிருவான். எதிராளின்னா சந்தேகம் வராதுல்லா? வேலிக்கு அந்தப் பக்கம் போயி அவிய கால்ல விழுந்தேன். 'எழும்புட்டி. போடுகேன். ஆனா வேலிக்கேஸ விடமாட்டேன்'னாவ. 'விடாண்டாம் மைனி, நீங்க விட்டா அவனுக்குத் தெரிஞ்சுபோவும்'னேன்."

"அப்ப அந்த வெளக்குமாறு?"

"அது அவிய சொல்லித் தந்தது. பிள்ள இல்லன்னு சொன்னது மட்டும் எனக்க வாயில வந்துட்டு. அதுக்கு இன்னும் நான் அழுகேன்."

அன்றைக்கே நான் வேலி தாண்டி ஓடினேன். அத்தை முற்றத்தில் நெல் துழாவிக்கொண்டிருந்தார். வழக்கம்போல, "என்ன சோலி?" என்றார்.

"அத்தே, அம்மை எல்லாம் சொல்லிட்டா" என்றேன்.

அவர் துழாவுவதை நிறுத்தவில்லை.

"அம்மை வந்து கேட்டாளான்னு வக்கீலு கூண்டுல வச்சுக் கேட்டிருந்தா?"

"ஆமான்னுதான் சொல்லிருப்பேன். சத்தியம் பண்ணிட்டுப் பொய் சொல்லவா? அதக் கேட்டுரக் கூடாதுன்னுதான் ஒங்கம்மையப் போட்டு அந்த வையி வஞ்சேன். அவனுக்கு மூச்சு விட நேரம் குடுத்தேனா?"

நான் அழுதுவிட்டேன். கூண்டில் நின்று அவர் அம்மாவைப் பற்றிச் சொன்னது அத்தனையும் நிஜம். ஒன்றுகூடப் பொய்யில்லை. அந்த நிஜங்களையெல்லாம் அள்ளி எங்கள் ரகசியத்தின் மேல் போட்டு மூடியிருக்கிறார். ஊரின் முன்னால் தன்னைக் கெட்டவளாக்கிக்கொண்டு, வருஷக்கணக்காக அந்தக் கெட்ட பெயரைச் சுமந்து, தினமும் தவறாமல் அம்மாவோடு சண்டை போட்டு எங்களைக் காப்பாற்றியிருக்கிறார். கொஞ்சத் தெரியாதவர் என்று அவரை நினைத்திருந்தேனே. என் நன்றியை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் அவர் காலைப் பிடித்துக்கொண்டேன். உமி ஒட்டிய கால்.

அத்தைக்கு அதெல்லாம் பிடிக்காது. காலை இழுத்துக்கொண்டார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஒனக்கு இப்ப எத்தன வயசு?"

"பதினாறு முடிஞ்சுட்டு அத்தே."

"ம்" என்றார். மறுபடி நெல்லைத் துழாவினார். பிறகு நிமிராமலே சொன்னார்.

"அப்ப இனிமே எனக்குக் கேஸு போட வழியில்ல மக்கா. நீயேதான் பாத்துக்கணும்."